டைவிங் ரெகுலேட்டர் பழுதானால் யார் பொறுப்பு? ஏஜென்ட்டா, ஃபாக்டரியா, நாமா?

செந்தூல் சுறா (கோலாலம்பூர்)

நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. கோலாலம்பூரில் அங்கீகரிக்கப்பட்ட கடையில் முழு விலை கொடுத்து வாங்கிய ரெகுலேட்டர் செட், அதாவது டைவிங் டேங்கின் காற்றைச் சுவாசிக்கும்படி குறைத்துத் தரும் கருவி. ரசீது இருக்கிறது, வாரண்டி அட்டை இருக்கிறது. வருடாந்திர சர்வீஸையும் அவர்கள் கைகாட்டிய இடத்திலேயே செய்தேன்.

தியோமான் தீவில் 18 மீட்டர் ஆழத்தில் வாயிலிருந்த பகுதி (இரண்டாம் நிலை என்பார்கள்) தானாகக் காற்றைக் கொட்ட ஆரம்பித்தது. எடுத்துத் தலைகீழாகத் திருப்பினேன், தட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. கூட இறங்கியவரின் ஆக்டோபஸை (மாற்றுக்கு வைத்திருக்கும் இன்னொரு வாய்ப்பகுதி) வாங்கிக்கொண்டு இருவரும் மேலே வந்தோம்.

படகுத்துறையில் டைவ் மையத்துப் பையன் ஒரு சின்ன பிரஷர் கேஜை, மிதவைச் சட்டைக்குக் காற்று தரும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் மாட்டிக் காட்டினான். டேங்கில் அழுத்தம் 200 பார் இருந்தாலும், டேங்கோடு மாட்டும் முதல் நிலை அதைக் கிட்டத்தட்ட 9.5 பாருக்குக் குறைத்து, அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். ஊசி அங்கே நிற்கவில்லை. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போய், கடைசியில் புஸ்ஸென்று காற்று கொட்டியது. உள்ளே வால்வை அடைக்கும் சீட் சரியாக மூடவில்லை என்றான்.

ஏஜென்ட்டிடம் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் நீல டிக் வரும், பதில் வராது. ஒருவழியாக, "உள்ளே அழுக்கு, பயனர் அலட்சியம்" என்று ஒரே வரி எழுதி, வாரண்டி செல்லாது என்று பில்லும் வைத்தார்கள். கட்டினேன். பெர்ஹெந்தியான் தீவில் மறுபடி அதே கதை. தயாரிப்பாளருக்கே மின்னஞ்சல் போட்டால் "உங்கள் உள்ளூர் விற்பனையாளரை அணுகவும்" என்கிறார்கள். விற்பனையாளரைக் கேட்டால் "ஃபாக்டரி பதில் சொல்லணும்" என்கிறார்.

தண்ணீருக்கடியில் மூச்சு விட வைத்திருக்கும் சாமான் இது. இதற்கு இவ்வளவுதான் மரியாதையா?

ஓ-ரிங் ராஜா (பூச்சோங்)

தம்பி, நான் ரெகுலேட்டர் சர்வீஸ் செய்கிறவன். உங்கள் பிராண்டு எதுவென்று தெரியாது, அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் என் மேசைக்கு வரும் ரெகுலேட்டர்களில் பெரும்பாலானவை கடலில் கெட்டவை அல்ல, வீட்டுக் குளியலறையில் கெட்டவை. காற்று நுழையும் வாயை மூடும் டஸ்ட் கேப்பைப் போடாமல் வாளித் தண்ணீரில் முக்குவார்கள். சிலர் டேங்க் மாட்டாமலேயே பர்ஜ் பட்டனை அழுத்தி அழுத்திக் கழுவுவார்கள். பட்டனை அழுத்தினால் வால்வு திறக்கும், தண்ணீர் ஹோஸ் வழியாக முதல் நிலைக்கே ஏறிவிடும். அப்புறம் நவம்பரில் மழைக்காலம் வந்து கிழக்குக் கரைத் தீவுகள் மூடினால் மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். உப்பு உள்ளேயே காய்ந்து படியும். மார்ச் மாதம் எடுத்து மாட்டிவிட்டு "கம்பெனி சரியில்லை" என்பார்கள்.

இன்னொன்று. காற்று கொட்டியது என்கிறீர்கள். கொட்டத்தான் வேண்டும். உள்ளே அழுத்தம் கூடினால் வால்வு திறந்துகொள்ளும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அடைத்துக்கொண்டு காற்றே வராமல் போயிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

செந்தூல் சுறா

அண்ணே, வடிவமைப்பைக் குறை சொல்லவில்லை. பாதி காலியான 11 லிட்டர் டேங்க் அந்த வேகத்தில் கொட்டினால் சில நிமிடம்கூடத் தாங்காது. துணைக்கு வந்தவர் புதியவராக இருந்திருந்தால்? பதறி மேலே பாய்ந்து அடிபட்டால் டைவர்களுக்குச் சிகிச்சை தரும் லூமுட் கடற்படைத் தளத்து அழுத்தச் சேம்பர் தீபகற்பத்தின் மறு கரையில் இருக்கிறது. "பத்திரமாகப் பழுதாகும்" என்பது பழுதாவதற்கு அனுமதிச் சீட்டு இல்லை.

கழுவுவதைப் பற்றி: டஸ்ட் கேப் போட்டுத்தான் கழுவுவேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பவளமல்லி (பினாங்கு)

டைவிங் சொல்லிக் கொடுக்கிறேன், புலாவ் பாயாருக்கு மாணவர்களைக் கூட்டிப் போவேன். நம்புவது நம்பாதது பற்றிச் சண்டை எதற்கு? ரெகுலேட்டரே சாட்சி சொல்லும்.

டேங்க் காற்று முதல் நிலைக்குள் நுழையும் வாயில் ஒரு சின்ன உலோகச் சல்லடை இருக்கிறது, ராஜா அண்ணனுக்குத் தெரியும். அது பச்சை பூத்திருந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, கழுவிய கை மேல் சந்தேகப்படலாம். செம்பழுப்பாக இருந்தால் இரும்பு டேங்கின் துரு. கறுப்பாக இருந்தால் கம்ப்ரெசர் வடிகட்டியிலிருந்து வந்த கரித்தூள். பின்னது இரண்டுக்கும் டைவ் மையத்தைத்தான் கேட்க வேண்டும், தம்பியை அல்ல. ஏஜென்ட் "அழுக்கு" என்று எழுதினாரே, அது எந்த நிறம்? போட்டோ கொடுத்தாரா? கழற்றிய பழைய சீட்டையும் ஓ-ரிங்குகளையும் பொட்டலம் கட்டித் திருப்பித் தந்தாரா?

செந்தூல் சுறா

ஒன்றும் தரவில்லை அக்கா. கேட்டதற்கு "தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள்.

பவளமல்லி

அப்படியென்றால் அது கண்டுபிடிப்பு இல்லை, சாக்கு. பழைய பாகங்களைக் கையில் கொடுப்பது நல்ல சர்வீஸ்காரர்களின் வழக்கம். குற்றம் சாட்டுகிறவர் ஆதாரத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் பில் மட்டும் நீட்டுவது என்ன நியாயம்?

ஓ-ரிங் ராஜா

பழைய பாகம் வேண்டுமென்றால் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும் அம்மா. எல்லாருக்கும் எடுத்து வைத்தால் கடை குப்பைமேடாகிவிடும்.

ஏஜென்ட் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். சர்வீஸ் கிட் எங்களுக்கே நேரத்துக்கு வருவதில்லை. இங்கே மார்க்கெட் சின்னது, ஃபாக்டரி பெரிய நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் நம் பக்கம் திரும்பும். இதற்கு நடுவில், ஆன்லைனில் வெளிநாட்டிலிருந்து மலிவாக இறக்கிவிட்டு, பழுதானால் மட்டும் இங்கே ஏஜென்ட் கடையில் வந்து நிற்கும் கூட்டம். விற்பனையில் லாபம் இல்லாதவன் எத்தனை பேருக்கு உடனே பதில் போடுவான்?

பாயான் லெப்பாஸ் பழசு (பினாங்கு)

ராஜா, தம்பி ஆன்லைனில் வாங்கவில்லை. கடையில் முழு விலைக்கு வாங்கினார், முதல் பதிவிலேயே இருக்கிறது. மற்றவர்கள் செய்ததற்கு இவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

எனக்கு டைவிங் பொழுதுபோக்கு, தொழில் எலக்ட்ரானிக்ஸ் ஃபாக்டரியில் தரக் கட்டுப்பாடு. எங்களிடம் ஒரு பாகம் பழுதாகித் திரும்பி வந்தால் முதல் கேள்வி சீரியல் நம்பர் என்ன, எந்த லாட் (ஒரே தடவையில் செய்த தொகுதி). பிறகுதான் யார் தப்பு என்ற பேச்சு. தம்பி, உங்களிடம் யாராவது சீரியல் நம்பர் கேட்டார்களா?

செந்தூல் சுறா

வாரண்டி அட்டையைப் பதியும்போது கேட்டார்கள். பழுதான பிறகு ஏஜென்ட்டும் கேட்கவில்லை, ஃபாக்டரியும் கேட்கவில்லை.

பாயான் லெப்பாஸ் பழசு

எனக்கு இதுதான் உறுத்துகிறது. சீட் ஒரு சின்ன பிளாஸ்டிக் வட்டம். ஒரு லாட்டில் பொருள் கொஞ்சம் மென்மையாகப் போனாலோ, அச்சு தேய்ந்திருந்தாலோ அந்த லாட் முழுக்க இப்படித்தான் கசியும். இங்கே ஒன்று, மணிலாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று என்று சிதறி வரும். ஒவ்வொன்றையும் அந்தந்த ஊர் ஏஜென்ட் "பயனர் அலட்சியம்" என்று எழுதி மூடினால் ஃபாக்டரிக்கு எதுவுமே தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமில்லாத ஃபாக்டரிக்கு இதைவிட வசதி வேறென்ன?

கற்பனை என்று நினைக்காதீர்கள். உவாடெக் நிறுவனத்தின் அலாடின் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ் என்ற டைவ் கம்ப்யூட்டர் 1995இல் செய்யப்பட்டது. மேலே வந்து ஓய்வெடுக்கும் நேரத்திலும் டைவர் நைட்ராக்ஸையே (ஆக்சிஜன் கூட்டி, நைட்ரஜன் குறைத்த காற்று) சுவாசிப்பதாக அது கணக்குப் போட்டது. உடம்பில் நைட்ரஜன் இன்னும் இருக்கும்போதே வெளியேறிவிட்டதாகக் காட்டியது. அதை நம்பி அடுத்த முறை இறங்குகிறவனுக்கு, மேலே வரும்போது அந்த நைட்ரஜன் உடம்பில் குமிழாகிவிடும். அதன் விலை என்ன என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் அது திரும்பப் பெறப்பட்டது 2003இல்தான். இடையில் எட்டு வருடம்.

ஓ-ரிங் ராஜா

அது கம்ப்யூட்டர், மென்பொருள் தப்பு. ஒரே தப்பு எல்லாக் கருவியிலும் இருந்தது. ரெகுலேட்டர் இயந்திரம், ஒவ்வொன்றும் உரிமையாளர் வைத்திருக்கும் விதத்தில் போகும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஒருவருக்கு நடந்ததை வைத்து லாட் முழுக்கப் பழுது என்பது தரக் கட்டுப்பாட்டுக்காரர் பேசும் பேச்சா?

பாயான் லெப்பாஸ் பழசு

லாட் பழுது என்று நான் சொல்லவே இல்லை. பழுதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் வழியையே அடைத்துவிட்டார்கள் என்கிறேன். சர்வீஸ் ஆனதும் அதே பழுது திரும்ப வந்திருக்கிறது, அதற்கு உங்கள் பதில் என்ன? புது சீட் போட்டிருந்தால் பழைய அழுக்கைக் காரணம் காட்ட முடியாது. போடவில்லை என்றால் பில் எதற்கு?

மேசை விளக்கு (பிரிக்பீல்ட்ஸ்)

சட்டம் படித்தவள், டைவிங் தெரியாது, நீச்சலே அரைகுறை. ஆனால் இந்தப் பஞ்சாயத்துக்கு வேறு இடம் இருக்கிறது.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கும் என்பது தானாகவே வரும் உத்தரவாதம். பாதுகாப்பும் நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். வாரண்டி அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் இதைப் பறிக்க முடியாது. "ஃபாக்டரி வெளிநாட்டில்" என்ற பதிலும் எடுபடாது. வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு மலேசியாவில் வழக்கமான தொழில் இடம் இல்லாவிட்டால், பொருளை இறக்குமதி செய்கிறவரோ விநியோகிப்பவரோதான் இந்தச் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர். உதிரிபாகமும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு, கிடைக்காது என்று வாங்கும்போதே முறையாக அறிவித்திருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். உங்கள் ரசீதின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளி (ரிங்கிட்). கோரிக்கை 50,000 வெள்ளி வரை போகலாம், பிரச்சினை எழுந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பொதுவாக வக்கீல் வைக்க முடியாது, இரு பக்கமும் தானே பேச வேண்டும். (என் பிழைப்பைக் கெடுக்கும் மன்றம், ஆனாலும் நல்ல மன்றம்.)

பவளமல்லி

அடிபட்டிருந்தால் மருத்துவச் செலவையும் அங்கேயே கேட்கலாமா?

மேசை விளக்கு

முடியாது. உடல் காயம், மரணம் சம்பந்தப்பட்ட கோரிக்கையை அந்த மன்றம் எடுக்காது, நீதிமன்றம்தான். இவருக்கு நல்லவேளையாகப் பணத்தோடு போயிற்று.

ஓ-ரிங் ராஜா

சரி, மன்றத்துக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கேயும் ஏஜென்ட் "அழுக்கு" என்பார், நீங்கள் "இல்லை" என்பீர்கள். நான் ஒரு வழி சொல்கிறேன் தம்பி. செட்டை என் கடைக்குக் கொண்டு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், உங்கள் கண் முன்னாலேயே திறக்கிறேன். சல்லடை பச்சையாக இருந்தால் போட்டோவை இங்கேயே போடுவேன். சுத்தமாக இருந்தால் அதையும் போடுவேன். கூலி வேண்டாம்.

செந்தூல் சுறா

அண்ணே, உண்மையாகவே நன்றி. சனிக்கிழமை வரட்டுமா?

மேசை விளக்கு

கொஞ்சம் பொறுங்கள். அங்கீகாரம் இல்லாத கடையில் திறந்தால், "அங்கே கை வைத்ததால்தான் கெட்டது" என்று ஏஜென்ட் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். ராஜா அண்ணன் எவ்வளவு நேர்மையாகத் திறந்தாலும் சரி. மனு முடியும்வரை ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

ஓ-ரிங் ராஜா

இதுதான் எனக்குப் பிடிக்காதது. திறந்து பார்த்தால் உண்மை தெரியும், ஆனால் திறக்கக்கூடாது. பிறகு எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்கள், கையெழுத்தின் அழகை வைத்தா?

பாயான் லெப்பாஸ் பழசு

அந்த நிலைமையை உண்டாக்கியது யார்? பாகம் விற்க மாட்டேன், வெளியில் திறந்தால் வாரண்டி இல்லை, நான் திறந்தால் என்ன பார்த்தேன் என்று காட்ட மாட்டேன். மூன்று கதவையும் ஒரே ஆள் பூட்டி வைத்திருக்கிறான். கோபத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள் ராஜா.

பவளமல்லி

திறக்காமலேயே காட்டலாமே. தியோமானில் அந்தப் பையன் செய்ததைத்தான் திரும்பச் செய்ய வேண்டும். கேஜை இன்ஃப்ளேட்டர் ஹோஸில் மாட்டி, பர்ஜை ஒருமுறை அழுத்திவிட்டு, ஊசி எங்கே போய் நிற்கிறது என்று சில நிமிடம் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். முதல் நிலையில் பொறித்திருக்கும் சீரியல் நம்பர் அதே காட்சியில் தெரிய வேண்டும். பினாங்கு வந்தால் என் கேஜைத் தருகிறேன்.

செந்தூல் சுறா

செந்தூலிலிருந்து பினாங்கைவிடப் பூச்சோங்தான் பக்கம் அக்கா. ராஜா அண்ணே, உங்கள் கேஜைக் கொஞ்சம் தருவீர்களா? திருகைத் தொட வேண்டாம், கேஜ் மட்டும்.

ஓ-ரிங் ராஜா

தருகிறேன். கழுவாமல் வைத்ததுதான் காரணம் என்ற என் சந்தேகம் இன்னும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காலி டேங்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், 200 பார் நிரப்பியது வேண்டும். முழு டேங்கில்தான் சீட் கசிவு தெளிவாகத் தெரியும். டேங்க் அழுத்தம் காட்டும் கேஜும் வீடியோவில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள், காலையில் கூட்டம்.