போதைச் சிகிச்சை நீதிமன்றம்: முடித்தபிறகு என்ன ஆனது?

அக்கா மகன் அமெரிக்காவின் ஓஹையோவில் ஃபெண்டனில் என்ற கடும்போதை மாத்திரைகளோடு பிடிபட்டபோது வக்கீல் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வழக்கை நடத்துவது. மற்றது, குற்றத்தை ஒப்புக்கொண்டு ட்ரக் கோர்ட்டில், அதாவது சிறைக்குப் பதில் நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சை தரும் நீதிமன்றத்தில், சேர்வது. முழுதாக முடித்தால் வழக்கு தள்ளுபடி. பாதியில் விட்டால் தண்டனை. அவன் இரண்டாவதை எடுத்தான்.

சலுகை என்றுதான் நினைத்தோம். தினமும் காலையில் ஒரு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அவனுக்குக் கொடுத்த நிறத்தின் பெயர் அதில் கேட்டால், வேலையைப் போட்டுவிட்டுச் சிறுநீர் பரிசோதனைக்கு ஓட வேண்டும். வாராவாரம் நீதிபதி முன் நிற்க வேண்டும். ஐந்தாம் மாதம் மறுபடி மாத்திரை எடுத்ததை மறைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டான். இரண்டு நாள் சிறை. அதே நாளில், தவறியதைத் தானே வந்து சொன்ன ஒரு பெண்ணுக்குச் சிறை இல்லை, ஆலோசனை நேரத்தை மட்டும் கூட்டினார் நீதிபதி. அதைப் பார்த்தபிறகு அவன் எதையும் மறைக்கவில்லை.

பதினெட்டு மாதத்தில் முடித்தான். நீதிபதி கைகொடுத்தார், கோர்ட்டே கைதட்டியது, அக்கா அழுதாள். மூன்றே மாதத்தில் மறுபடி மாத்திரை. "காலையில போன் பண்ண யாருமே இல்ல மாமா" என்றான். அந்த வார்த்தை இன்னும் என்னை விடவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

மறுமொழி 1
என் தம்பி 2013இல் சேர்ந்தான். போதை ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் மருந்தை எடுத்து நன்றாக இருந்தவனை, மருந்தை நிறுத்தினால்தான் அடுத்த கட்டம் என்றார்கள். நிறுத்தினான். உடல் பழக்கம் விட்டிருந்த நேரத்தில் பழைய அளவையே எடுத்துக் குளியலறையில் விழுந்தான். ஆம்புலன்ஸில் கொடுத்த நலாக்சோன் என்ற போதை முறிப்பு மருந்துதான் காப்பாற்றியது. 2015இலிருந்து, மத்திய அரசின் நிதி பெறும் ட்ரக் கோர்ட்டுகள் இப்படிச் சிகிச்சை மருந்து எடுப்பவரை ஒதுக்கக்கூடாது என்று நிபந்தனை வந்தது. எங்களுக்குத் தாமதம். மற்றவர்கள் சேரும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 2
நன்னடத்தைக் கண்காணிப்புத் துறையில் வேலை பார்த்திருக்கிறேன். மயாமியில் 1989இல் முதல் கோர்ட் தொடங்கியதிலிருந்தே, இது நிலைக்குமா என்ற கேள்வி உண்டு. 154 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. ட்ரக் கோர்ட் இல்லாமல் மறுபடி குற்றத்தில் சிக்குவோர் நூற்றுக்கு 50 என்றால், ட்ரக் கோர்ட் வழி வந்த பெரியவர்களில் அது 38. பலன் மூன்றாண்டு வரை தெரிந்தது. 12 பேர் என்பது சின்ன எண் இல்லை, பன்னிரண்டு குடும்பம். ஆனால் அந்த 38 பேரைப் போன்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சான்றிதழ் கிடைத்த மறுநாளே ஆலோசகரும் இல்லாமல் போனவர்கள்.

முதல் பதிவர்
சரியாகச் சொன்னீர்கள். எங்கள் பையன் தானாகவே பழைய ஆலோசகரிடம் திரும்பிப் போனான். நான்கு வருடமாகிறது. காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் செய்கிறான். இரண்டு நிமிடம், சாப்பிட்டாயா என்பதோடு சரி.