பைப்பில் சீம் எந்தப் பக்கம்? வேலையில் பார்த்ததைச் சொல்லுங்கள்

வளைப்பு வேலைக்காரன்:
கைப்பிடிக்கு ஈஆர்டபிள்யூ பைப் (தகட்டைச் சுருட்டி ஓரங்களை மின்சாரத்தால் ஒட்டியது) வளைக்கும்போது சீம், அதாவது அந்த நீள ஒட்டு, பக்கவாட்டில் இருந்தால் நிம்மதி. வளைவின் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். பக்கவாட்டில் இரண்டும் குறைவு. வந்தபடி மெஷினில் மாட்டி, வெளிவளைவில் சீம் நூல் பிடித்த மாதிரி நீளமாகப் பிளந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீமைக் கண்டுபிடிக்க வெளியே தடவிப் பயனில்லை, மில்லிலேயே சீவிவிடுவார்கள். வாய்க்குள் டார்ச் அடித்து விரலை விட்டால் உள்ளே மேடு தட்டும். உள்மேட்டையும் சீவிய பைப் என்றால் வெளியே நீலம் பாய்ந்த கோடு தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்.

மில் ஆள்:
அந்த மேடு எப்படி வருகிறது என்று நான் சொல்கிறேன். தகட்டுப் பட்டையை உருளைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டிக் கொண்டுவரும். சில நூறு கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் இரண்டு ஓரங்களில் மட்டும் பாய்ந்து பழுக்கக் காய்ச்சும், அழுத்த உருளை இரண்டையும் சேர்த்து நெரிக்கும். ராடு, ஃபில்லர் என்று வெளியிலிருந்து சேர்க்கும் உலோகம் எதுவும் கிடையாது. நெரிபட்டுப் பிதுங்கும் உலோகம்தான் மேடு. கட்டர் அதைச் சீவும்போது செக்கச்செவேல் என்று சுருள் சுருளாக ஓடும், கிட்டே போகக்கூடாது.

சீம் தேறுமா என்று பார்க்க, நுனியில் ஒரு வளையம் வெட்டி பிரஸ்ஸில் நசுக்குவோம், சீமை ஒரு தடவை மேலே வைத்து, அடுத்த தடவை பக்கத்தில் வைத்து. ஏஎஸ்டிஎம் ஏ53 என்ற அமெரிக்கத் தர விதிப்படி செய்த பைப் என்றால் உயரம் மூன்றில் இரண்டு பங்காகும் வரை சீமில் விரிசல் வரக்கூடாது. வெளியே பளபளவென்று இருந்த பைப்கூட இதில் வாயைப் பிளந்திருக்கிறது.

குடிநீர் லைன் மேற்பார்வை:
எங்களுக்குப் பெரும்பாலும் ஸ்பைரல் பைப்தான், பட்டையைத் திருகுபோலச் சுற்றி ஒட்டியது. ஒரே அகலப் பட்டையைச் சுற்றும் கோணத்தை மாற்றினாலே வேறு விட்டம் கிடைத்துவிடும். பற்றவைப்பு உள்ளும் புறமும் ஃப்ளக்ஸ் என்ற காப்புத் தூளுக்கு அடியில் நடப்பதால் வெளிச்சமே வராது. சீம் பைப்பைவிட நீளமாயிற்றே, பலவீனம்தானே என்று புதுசாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். உள்ளழுத்தம் சுற்றுவாக்கில் இழுப்பது நீளவாக்கில் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு. நேர் சீம் அந்த இழுப்பை முழுசாக வாங்கும், சாய்ந்த சீம் குறைவாகத்தான் வாங்கும்.

எனக்குத் தலைவலி கொடுத்தது வேறு. இரண்டு பைப்பை இணைக்கும் ரப்பர் வளையக் கப்ளிங் போட்ட இடத்தில் நீர் கசிந்துகொண்டே இருந்தது. போல்ட்டை எவ்வளவு முறுக்கியும் நிற்கவில்லை. கழற்றினால், நுனியில் சீம் மேடு அப்படியே நிற்கிறது, ரப்பர் அதன் இரண்டு பக்கமும் உட்காரவே இல்லை. கிரைண்டர் போட்டுச் சமமாக்கியதும் கசிவு நின்றது.

பிராசஸ் பைப்பிங்:
எல்லாவற்றுக்கும் சீம்லெஸ்தான் (ஒட்டே இல்லாத பைப்) என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளர்களால் நான் பட்டபாடு சொல்லி மாளாது. ஆலைப் பைப்புகளுக்கான பி31.3 விதியின் கணக்கில் ஒட்டின் தரத்துக்கான எண் சீம்லெஸ்ஸுக்கு 1.0, ஈஆர்டபிள்யூவுக்கு 0.85, உலையில் காய்ச்சி ஒட்டிய பைப்புக்கு 0.60. ஆக, ஈஆர்டபிள்யூ போட்டால் சுவர் கொஞ்சம் தடிமன் கூடும், அவ்வளவுதான். பட்டையிலிருந்து செய்வதால் தடிமன் சுற்றிலும் சீராக இருக்கும் என்ற லாபமும் உண்டு. ஆனால் சூடான ஆயில், உயர் அழுத்த நீராவி என்று வந்தால் நானும் சீம்லெஸ் பக்கம்தான்.

கேட்டு கிரில் வெல்டர்:
நமக்கு இந்த விதிக் கணக்கு எல்லாம் எட்டாது அண்ணே. ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசியது) அப்படியே வெல்டு அடிக்காதீங்க, அதுதான் நான் சொல்ல வந்தது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். மூடின அறையில் அடித்த ஒரு பையன் அன்றைக்கு ராத்திரியே குளிர் காய்ச்சலில் சுருண்டுவிட்டான். ஜாயின்டுக்கு இரண்டு பக்கமும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்க.

வளைப்பு வேலைக்காரன்:
குடிநீர் லைன் சார், படுக்கையாகப் போடும் லைனில் நேர் சீம் எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

குடிநீர் லைன் மேற்பார்வை:
மேல்பாதியில், உச்சிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ. அடியில் வண்டல் தங்கி அரிப்பு வரும் இடத்தில் சீம் வேண்டாம். அடுத்த பைப்பின் சீமை மறுபக்கம் தள்ளி வையுங்கள், இரண்டும் ஒரே கோட்டில் வந்து குறுக்கு ஜாயின்டில் முட்டக்கூடாது.