கடல் மட்டத்துலேர்ந்து நம்ம வீடு எவ்ளோ உயரம்?

அல்சூர்வாசி: பெங்களூர் 900 மீட்டர்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா என் போன் ஆப்ல அல்சூர் வீட்டுக்கு 815 தான் காட்டுது, எது சரி? பையனோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு வேணும்.

மல்லேஸ்வரம் தம்பி: அண்ணா, ஜிபிஎஸ் பூமிய ஒரு கணக்குப்படியான, லேசா தட்டையான கோளமா வச்சு அதுலேர்ந்துதான் அளக்குது, ஆனா இந்தியப் பெருங்கடல் பக்கம் ஈர்ப்பு கம்மிங்கறதால தென்னிந்தியாவுல நிஜ கடல் மட்டம் அந்தக் கோளத்துக்கு 80 மீட்டருக்கும் அதிகமா கீழ இருக்கு. அத கூட்டிக்கணும். சில ஆப் தானாவே கூட்டிடும், செட்டிங்ஸ் பாருங்க. பையனுக்கு இதையே ப்ராஜெக்ட்டா குடுக்கலாம், அருமையான விஷயம்!

ரயில்பிரியன்: ஸ்டேஷன் மஞ்சள் போர்டுல உயரம் எழுதியிருக்கும், ஆனா ஊரே மேடு பள்ளம், அதனால கூகுள் எர்த்துல வீட்டு மேல கர்சர் வச்சு பாருங்க, கீழ் ஓரத்துல வரும். அது தரையோட உயரம், ஒவ்வொரு மாடிக்கும் சுமார் 3 மீட்டர் சேத்துக்கோங்க.

அல்சூர்வாசி: பாத்தேன், 900 கிட்ட வருது. ரொம்ப நன்றிங்க!