உதவிப் போதகராக இருக்கும் சகோதரி தலைமைப் போதகராக வரலாமா? கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது

கமிட்டியில் ஒருத்தி (கேள்வி):

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் மூத்த போதகர் இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது, இப்போது உதவிப் போதகராக இருக்கும் அம்மாவின் பெயரை நான் முன்மொழிந்தேன். அவரிடம் முதலில் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் சொன்னேன். பி.டி. (இறையியல் பட்டம்) முடித்தவர். ஐயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதங்களில் ஆராதனை, வேதபாடம், அடக்க ஆராதனை, கல்யாணம் பேசியவர்களுக்கான ஆலோசனை என்று எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தார். அப்போது ஒருவரும் வேதத்தைத் திறந்து ஆட்சேபம் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறார்கள். ஒரு மூப்பர் 1 தீமோத்தேயு 2:12ஐ வாசித்தார்: உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்று பவுல் எழுதிய வசனம். இன்னொருவர், "வசனம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஜனங்கள் ஏற்க மாட்டார்கள்" என்றார். இவை இரண்டும் வேறு வேறு ஆட்சேபங்கள். முதலாவதற்குப் பதில் சொல்லப் போனால் இரண்டாவதைப் பேசுகிறார்கள், இரண்டாவதைப் பேசினால் திரும்ப வசனத்துக்கு வருகிறார்கள். கூட்டம் முடியும்போது எதுவும் முடிவாகியிருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் பிரசங்கம் செய்யும் ஞாயிறுகளில் பிரசங்க பீடத்தில் ஏறுவதில்லை. கீழே வேதபாடம் வாசிக்கிற மேஜைக்குப் பின்னால் நிற்பார். மைக்கையும் அங்கே மாற்றி வைப்பார்கள். யார் இந்த ஏற்பாட்டைச் செய்தது, எப்போது செய்தது என்று எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் இல்லை. அதே செய்தி, அதே ஜனங்கள். நாலு படி ஏறி நின்று பேசினால் மட்டும் அது அதிகாரம் ஆகிவிடுமா?

வேதம் தடுக்கிறது என்று ஒருவர் உண்மையாக நம்பினால் நான் அதை மதிக்கிறேன். ஆனால் வேலையை முழுசாக வாங்கிக்கொண்டு பொறுப்பை மட்டும் மறுப்பது எந்த வசனத்தில் இருக்கிறது? இரண்டு பக்கத்துக்காரர்களும் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்.

மூப்பர், ஓய்வு பெற்றவர்:

சகோதரி, நான் "கூடாது" என்கிற பக்கம். உங்கள் மனவருத்தம் புரிகிறது, அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

அந்த வசனத்தை எபேசு சபையின் அன்றைய நிலைமைக்கு மட்டும் எழுதியது என்று சொல்வார்கள். பவுல் அடுத்த வசனத்திலேயே காரணம் சொல்கிறார்: முதலாவது ஆதாம் உருவாக்கப்பட்டான், பின்பு ஏவாள். ஊர் நிலைமையைக் காரணமாகக் காட்டவில்லை, சிருஷ்டிப்பைக் காட்டுகிறார். அடுத்த அதிகாரத்தில் சபையை நடத்தும் கண்காணியைப் பற்றி எழுதும்போது "ஒரே மனைவியையுடைய புருஷனும்" என்கிறார். ஆண்டவர் சமாரியப் பெண்ணோடு தனியாகப் பேசியவர், மரியாளைத் தமது பாதத்தருகே உட்கார்ந்து கேட்க விட்டவர். அந்தக் காலத்து வழக்கத்துக்கு அவர் பயப்படவில்லை. அப்படிப்பட்டவர் பன்னிரண்டு அப்போஸ்தலரையும் ஆண்களாகத் தெரிந்துகொண்டார் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

1994இல் போப் இரண்டாம் யோவான் பவுல், பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்கச் சபைக்கே அதிகாரமில்லை என்று எழுதினார். அமெரிக்காவின் தென் பாப்டிஸ்டு சபையார் 2000இல் தங்கள் விசுவாச அறிக்கையில் போதகர் பொறுப்பு ஆண்களுக்கானது என்று சேர்த்தார்கள். இவர்கள் எல்லாரும் பெண்களை வெறுப்பவர்கள் இல்லை.

ஆனால் ஒரு காரியத்தில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். ஐயா படுத்திருந்தபோது எல்லாப் பொறுப்பையும் அந்த அம்மாவின் தலையில் வைத்தார்கள் அல்லவா? வசனத்தை நம்புகிற மூப்பர்கள் அன்றைக்கே எழுந்து, "வாருங்கள், நாங்கள் பிரசங்கிக்கிறோம், நாங்கள் அடக்கத்துக்குப் போகிறோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது வசனத்தை நீட்டுவது நேர்மை இல்லை.

வேதாகமக் கல்லூரியில் பாடம் எடுப்பவர்:

மூப்பர் ஐயாவின் கடைசிப் பத்திக்காக அவருக்கு நன்றி. முந்தினதில்தான் எனக்குச் சிக்கல்.

பவுல் 1 கொரிந்தியர் 14இல் சபையில் ஸ்திரீகள் பேசாமலிருக்கட்டும் என்கிறார். அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண் ஜெபம்பண்ணும்போதும் தீர்க்கதரிசனஞ்சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒழுங்கு சொல்கிறார். வாயே திறக்கக் கூடாத ஒருத்திக்கு எதற்கு அந்த ஒழுங்கு? ஆகவே அந்த மௌனம் எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் ஆனது இல்லை.

சிருஷ்டிப்பின் காரணத்தைப் பற்றி ஒரு கேள்வி. 11ஆம் அதிகாரத்தில் முக்காட்டுக்கும் பவுல் அதே காரணத்தைத்தான் சொல்கிறார்: புருஷன் ஸ்திரீயிலிருந்து தோன்றவில்லை, ஸ்திரீயே புருஷனிலிருந்து தோன்றினாள் என்று. இன்றைக்கு எத்தனையோ சபைகள் முக்காட்டை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. அங்கே தளர்த்தலாம், இங்கே தளர்த்தக் கூடாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும் அல்லவா?

அப்புறம் ரோமர் 16. பெபேயாள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் சேர்ந்து அப்பொல்லோவுக்கு, அதுவும் வேதாகமங்களில் வல்லவனான ஒருவனுக்கு, தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 18). அப்போஸ்தலரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட யூனியாவைப் பெண்ணாகவே வாசித்து, "இந்தப் பெண்ணின் ஞானம் எவ்வளவு பெரியது" என்று வியந்து பிரசங்கித்தவர் 4ஆம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம். அவரை நவீனவாதி என்று யாரும் சொல்ல முடியாது.

பத்து வருஷத்துக்கு மேலாக ஊழியத்தில் இருக்கும் பெண் போதகர்:

வசன விவாதத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த அம்மாவுக்காக நடைமுறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்னைத் தலைமைப் பொறுப்புக்கு அழைத்தபோது கமிட்டி கேட்ட முதல் கேள்வி என் உபதேசத்தைப் பற்றியது இல்லை. "பாஸ்டர் அம்மா (போதகரின் மனைவி) செய்கிற வேலையை யார் செய்வது?" என்பதுதான். வீடு சந்திக்கப் போகும்போது கூட வருவது, பெண்கள் கூட்டம் நடத்துவது, ஓய்வுநாள் பள்ளி, வருகிற விருந்தாளிகளைக் கவனிப்பது என்று ஒரு முழு ஆளின் உழைப்பு சம்பளமில்லாமல் சபைக்குக் கிடைத்து வந்திருக்கிறது. என் கணவர் காலையில் வேலைக்குப் போய் இரவில் வருகிறவர். கடைசியில் அந்த வேலையும் என் தலையில்தான் விழுந்தது. போதகரும் நானே, போதகரின் மனைவியும் நானே. முதல் இரண்டு வருஷம் உடம்பு ஒடிந்துபோனது. ஆகவே சகோதரி, அழைப்புக் கடிதம் எழுதும்போதே யார் எதைச் செய்வது என்று பிரித்து எழுதி வாங்குங்கள். சம்பளம், வீடு, விடுமுறை எல்லாம் இப்போதைய ஐயாவுக்கு இருக்கிறபடியே இருக்க வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

திருவிருந்து நேரத்தில் சிலர் என் கையிலிருந்து அப்பத்தை வாங்காமல் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்கள். இன்றைக்கும் ஒரு குடும்பம் அப்படித்தான். அது வலிக்கும். ஆனால் அவர்கள் சபையை விட்டுப் போகவில்லை, நானும் போகவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குத் திடப்படுத்தல் வகுப்பு நான்தான் எடுத்தேன்.

சபை நிர்வாகத்தில் இருந்தவர்:

ஒரு பழைய சம்பவம் உங்கள் கேள்வியோடு அப்படியே பொருந்துகிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஹாங்காங்குக்குப் பக்கத்திலுள்ள மக்காவ் சபைக்குக் குருவானவர் போய்ச் சேர முடியவில்லை. புளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற பெண் உதவிக்குரு அங்கே தனியாக ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1944 ஜனவரி 25இல் ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் அவருக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) சபைகளில் முதல் பெண் குரு அவர்தான். போர் முடிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 1946இல் அவர் குருவாகச் செயல்படும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். அபாயம் இருந்தபோது ஆகும், அமைதி வந்ததும் ஆகாது. உங்கள் சபையில் நடப்பதும் இதுதான்.

இங்கிலாந்துத் திருச்சபையில் பெண் பேராயர் பற்றிய 2012 வாக்கெடுப்பில் பேராயர்களும் குருமார்களும் பெரும்பான்மையாக ஆதரித்தார்கள். குருமார் அல்லாத சபையாரின் அவையில், தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு 6 வாக்கு குறைந்து தோற்றது. எதிர்ப்பவர்கள் எப்படிச் சபைக்குள் தொடர்ந்து இருக்கலாம் என்பதைத் திரும்ப உட்கார்ந்து பேசி எழுதினார்கள், 2014இல் நிறைவேறியது. நம் சிஎஸ்ஐயில் (தென்னிந்தியத் திருச்சபையில்) அதற்கு முன்பே, 2013இல், நந்தியால் பேராயராக புஷ்பா லலிதா அம்மையார் அபிஷேகம் பெற்றுவிட்டார்.

ஆகவே என் யோசனை: ஒரே வாக்கெடுப்பாக வைக்காதீர்கள். முதலில் கொள்கை, அதாவது எங்கள் சபையில் பெண் தலைமைப் போதகராக இருக்கலாமா என்பது. அது முடிந்து, கொஞ்ச நாள் விட்டு, ஆள் யார் என்பது. இரண்டையும் சேர்த்தால் அந்த அம்மாவின் பெயரை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கொள்கையைப் பேசுவார்கள். வேண்டாம் என்று போடப்படும் ஒவ்வொரு சீட்டும் அவர் முகத்தில் விழும்.

கமிட்டியில் ஒருத்தி:

எல்லாருக்கும் நன்றி. மூப்பர் ஐயா எழுதியதை எங்கள் மூப்பரிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்போம்" என்றார். கூப்பிட்டோம், வரவில்லை. அதை அவரிடமே சொன்னேன். எங்களுக்குள் பேச்சு நிற்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய காரியம்.

இரண்டு வாக்கெடுப்பு என்ற யோசனையை வருகிற கூட்டத்தில் வைக்கிறேன். அதற்கு முன் ஒரு வாரம் மூப்பர் தன் பக்கத்தை வேதபாடமாக நடத்தட்டும், அடுத்த வாரம் மறுபக்கத்தை வெளியிலிருந்து ஒருவர் நடத்தட்டும். அந்த இரண்டு வாரமும் உதவிப் போதகர் அம்மா வர வேண்டிய கட்டாயமில்லை என்றும் கேட்கப் போகிறேன். தன்னைப் பற்றிய வழக்கை அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

அழைப்புக் கடிதத்தில் "போதகரின் துணைவர்" செய்ய வேண்டிய வேலை என்று ஒரு பத்தி எங்கள் பழைய மாதிரியில் நிஜமாகவே இருக்கிறது. போதகர் அம்மா எழுதியதைப் படித்த பிறகுதான் அதை எடுத்துப் பார்த்தேன். அதை நீக்கச் சொல்கிறேன், யார் வந்தாலும்.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. எங்கள் சபைச் சட்டத்தில் போதகரை அழைக்கப் பாதிக்கு மேல் போதும், சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சட்டத்தில் "போதகர்" என்று மட்டும்தான் இருக்கிறது, ஆண் என்று எங்கும் இல்லை. அப்படியானால் கொள்கை வாக்கெடுப்புக்கு எந்தக் கணக்கு? நிர்வாகத்தில் இருந்தவர் இதற்கு மட்டும் பதில் சொன்னால் கூட்ட அறிவிப்பை எழுதிவிடுவேன்.