19ஆம் நூற்றாண்டுல தமிழ்ப் பிள்ளைங்க என்ன படிச்சாங்க? எங்கேருந்து தேட ஆரம்பிக்கறது?

கயல்:
வணக்கம் எல்லாருக்கும். 1800லேருந்து 1900 வரைக்கும் தமிழ்ப் பிள்ளைங்க கையில என்ன அச்சுப் புத்தகம் இருந்துச்சு, யாரு வாங்கிக் குடுத்தாங்க, எப்படிப் படிச்சாங்க, இதுதான் என் ஆய்வு. லைப்ரரி கேட்டலாக்ல "சிறுவர் இலக்கியம்"னு போட்டா அழ. வள்ளியப்பா காலத்துக்குத்தான் போய் நிக்குது, அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டுது. பஞ்சதந்திரம், பரமார்த்த குரு கதை இதையெல்லாம் சிறுவர் புத்தகம்னு எடுத்துக்கலாமா? கைடு மேடம் முதல்ல சோர்ஸ் இருக்கான்னு பாருங்கன்னு சொல்லிட்டாங்க. வழி காட்டுங்க ப்ளீஸ்.

பழம்பதிப்பு:
சோர்ஸ் நிறையவே இருக்கு, கவலைப்படாதீங்க. ஆனா "சிறுவர் இலக்கியம்"ன்ற அலமாரியை மறந்துடுங்க, அந்தக் காலத்துல அப்படி ஒரு அலமாரியே கிடையாது. நீங்க சொன்ன ரெண்டு புத்தகத்தையே எடுத்துக்குங்க. பரமார்த்த குரு கதை வீரமாமுனிவர் எழுதினது, 1822ல லண்டன்ல பாபிங்டனோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட அச்சாச்சு. பஞ்சதந்திரத்தை மராத்தியிலேருந்து கொண்டுவந்தவர் தாண்டவராய முதலியார், 1826. அவர் சென்னைக் கோட்டைக் கல்லூரியில தமிழ்ப் புலவரா இருந்தவர், அங்க தமிழ் படிச்சது கம்பெனி வேலைக்கு வந்த துரைங்க. அதாவது பெரியவங்க மொழி கத்துக்கறதுக்கு அச்சடிச்ச கதைங்கதான் அப்புறம் பள்ளிக்கூடத்துக்குள்ள நுழைஞ்சு பிள்ளைங்க கதையா மாறிடுச்சு. சிறுவர் புத்தகமா இல்லையான்னு தீர்ப்பு சொல்லாதீங்க, எப்போ, யாரு கையால மாறுச்சுன்னு தேடுங்க, அதுதான் ஆய்வு.

ரெண்டு இடம் கட்டாயம் பாக்கணும். ஒண்ணு மர்டாக் 1865ல சென்னையில போட்ட தமிழ் அச்சுப் புத்தகக் கேட்டலாக், பொருள் வாரியா பிரிச்சிருக்கும். அவர் ஒரு மிஷனரி, அதனால அவரோட அபிப்பிராயத்தை அப்படியே எடுத்துக்காதீங்க, பட்டியலை மட்டும் நம்புங்க. இன்னொண்ணு 1867 புத்தகப் பதிவுச் சட்டத்துக்கு அப்புறம் மூணு மாசத்துக்கு ஒருதடவை வந்த அரசாங்கப் பட்டியல். பக்கம், விலை, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி எல்லாம் அதுல இருக்கும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி (கணக்கு வாய்ப்பாட்டுப் புத்தகம்) இதெல்லாம் யாரு யாரு அச்சடிச்சாங்க, என்ன விலைன்னு வருஷாவருஷம் எழுதிட்டே வாங்க, கேட்டலாக்ல காணாமப் போன வாசகர்கள் அங்க தெரிய ஆரம்பிப்பாங்க.

திண்ணைப்பள்ளி:
மேல சொன்னதோட நான் ஒண்ணு சேக்கறேன், அச்சை மட்டும் பாத்தா பாதிக்கதைதான் கிடைக்கும். 1822ல சென்னை மாகாண கவர்னரா இருந்த மன்றோ எல்லா கலெக்டர்களுக்கும் எழுதி எத்தனை பள்ளிக்கூடம், எந்த ஜாதிப் பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டாரு. 1826ல அவர் தொகுத்த கணக்குல 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 பிள்ளைங்க, அதுல பொண்ணுங்க வெறும் 4,540 பேர். சென்னைப் பட்டணத்துல மட்டும் வீட்டுலயே படிக்கறவங்க 26,963ன்னு வருது, அதுல ஏதோ பிழை இருக்கலாம்னு மன்றோவே எழுதியிருக்காரு, அந்த எச்சரிக்கையோட பயன்படுத்துங்க.

எண்ணிக்கையை விட முக்கியம் பல்லாரி கலெக்டர் கேம்பெல் எழுதின அறிக்கை. காலையில முதல்ல வர்ற பையனுக்கு உள்ளங்கையில சரஸ்வதி பேர், ரெண்டாவது வர்றவனுக்கு வெறும் சுழி, மூணாவது ஆளுக்கு மெல்ல ஒரு அடி, அப்படியே ஏறிட்டே போகும். பிள்ளைங்க அர்த்தம் தெரியாம கிளிப்பிள்ளை மாதிரி பாட்டு ஒப்பிக்கறாங்கன்னும் குறை சொல்றாரு. அங்க கன்னடம் தெலுங்குதான், அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்திடாதீங்க. ஆனா அவர் குறையா சொன்னதுதான் உங்களுக்கு வேணும்! புத்தகம் கையில வர்றதுக்கு முன்னாடியே பாட்டு வாயில இருக்கு, மணல்ல விரலால எழுதியாச்சு. அப்புறம் அதே ஆத்திசூடி அச்சுல வந்தா அந்தப் பிள்ளைக்கு அது படிக்கறதா, ஏற்கனவே தெரிஞ்சதைக் கண்ணால பாக்கறதா? எனக்கு இதை விடப் பெரிய கேள்வி இந்த டாபிக்ல இல்ல.

வண்ணைவாசி:
தங்கச்சி, எங்கட யாழ்ப்பாணத்தை விட்டுடாதேங்கோ. ஆறுமுக நாவலர் 1848ல வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் துவங்கி, அடுத்த வருசம் அச்சியந்திரமும் கொண்டுவந்தவர், பிறகுதான் பாலபாடம் எண்ட அவரிட பாடப்புத்தக வரிசை வந்தது. அவர் பேர்சிவல் பாதிரியாரோட பைபிள் மொழிபெயர்ப்பில வேலை செய்த ஆள், மிஷன் பள்ளிக்கூடம் எப்பிடிப் பிள்ளையளுக்குப் புத்தகம் செய்யுது எண்டு உள்ளுக்க நிண்டு பார்த்தவர். சின்னச் சின்ன வசனம், படிப்படியா கஷ்டமான பாடம் எண்ட அந்த முறையை எடுத்து உள்ளுக்கு சைவத்தை வைச்சார். மிஷன் பாடப்புத்தகத்தையும் பாலபாடத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் படிச்சுப் பாருங்கோ, ஒண்டுக்கு ஒண்டு பதில் சொல்லுறது விளங்கும். நூலகம் இணையத்தளத்தில இலங்கைப் புத்தகங்கள் நிறைய இலவசமாக் கிடக்கு, அதில தேடுங்கோ.

கயல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ கிடைக்கும்னு நினைக்கவே இல்ல. ஒரு சந்தேகம், இதெல்லாம் பெரியவங்க எழுதின ரெக்கார்ட். பிள்ளைங்களோட தடயம் எங்க கிடைக்கும்?

பழம்பதிப்பு:
தன்வரலாறுகள்ல. உ.வே.சா. 1855ல பிறந்தவர், திண்ணைப் பள்ளிக்கூட அனுபவத்தை விரிவா எழுதியிருக்காரு. ஆனா வயசான ஆம்பளை தன் பிள்ளைப் பருவத்தைப் பத்தி எழுதினதுன்றதை மறந்துடக் கூடாது, அந்த 4,540 பொண்ணுங்க அதுல வர மாட்டாங்க. அப்புறம் புத்தகத்தையே திறந்து பாருங்க. சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போனீங்கன்னா ஸ்கேன் காப்பியோட நிறுத்தாம அசல் பிரதியைப் பாக்க முடியுமான்னு கேளுங்க. அட்டைக்குள்ள எழுதின பேர், பரிசாக் குடுத்த குறிப்பு, ஓரத்துல கிறுக்கினது, ஒரே பாட்டோட பக்கம் மட்டும் தேஞ்சு போயிருக்கறது, எல்லாத்தையும் பதிப்பு வருஷத்தோட சேத்துக் குறிச்சுக்குங்க. அந்த 1867க்கு அப்புறமான பட்டியல்ல முதல் பத்து வருஷத்தை எடுத்துக்கிட்டு ஆரம்பிங்க, வேலை சமாளிக்கற அளவுல இருக்கும்.