செல்லூர் பக்கம் குழந்தைப் பால் பவுடர் எங்காவது கிடைக்கிறதா?

மதுரை நண்பர்களே, அவசர உதவி. பக்கத்து வீட்டு அக்காவின் குழந்தைக்கு நாலு மாதம். தாய்ப்பால் போதாததால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரும் கொடுக்கிறார்கள். 2020 மார்ச் 24 இரவு பிரதமர் கொரோனாவுக்காக 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்ததும் கூட்டம் அலைமோதி, சூப்பர் மார்க்கெட்டில் அந்த அலமாரியே காலி. செல்லூர், கோரிப்பாளையம் மருந்துக்கடைகளிலும் இல்லை. ஒரு வயதுக்குள் பசும்பாலை அதற்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. பவுடரைக் குறைத்துத் தண்ணீர் கூட்டினாலும் குழந்தைக்கு ஆபத்து. அரிசி, பருப்பு என்றால் சமாளித்துவிடலாம், இதற்கு மாற்றே இல்லை. இந்த ஊரடங்கிலும் மளிகை, மருந்துக்கடைகள் திறந்திருக்கும், தயவுசெய்து பதறி வாங்கிக் குவிக்காதீர்கள். சரி, அண்ணா நகர், கே.கே. நகர், தெப்பக்குளம் பக்கம் யாராவது பார்த்தீர்களா? கடையை மட்டும் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம். கூடுதலாக வாங்கி வைத்தவர்கள் பிரிக்காத டப்பா ஒன்றை விலைக்குக் கொடுத்தாலும் பெரிய உதவி.