புதுப்பிப்பு: கியோட்டோ, நாரா தனிப்பயணம் (ரயில் பாஸ் வாங்கவில்லை)

டோக்கியோவிலிருந்து கியோட்டோ, நாரா போய்வர 7 நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்) பாஸ் வாங்கலாமா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருந்தேன். பயணம் நல்லபடியாக முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பாஸ் வேண்டாம், தனித்தனி டிக்கெட் எடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. 2023 அக்டோபரில் அந்தப் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 ஆகிவிட்டது. நொசோமி அதிவேக ரயிலில் கியோட்டோ போய்வர எனக்குச் சுமார் 28,000தான் ஆனது.

சாப்பாட்டில், மடாலய உணவான ஷோஜின் ரியோரியைத் தேடச் சொன்னது சரியான வழி. காய்கறி உடோன் (தடித்த நூடுல்ஸ்) என்றாலும் சாறு பெரும்பாலும் மீனில்தான் எடுக்கிறார்கள். கேட்காமல் வாங்காதீர்கள்.

நாராவில் மான்களுக்குக் கொடுக்கும் பிஸ்கட் வாங்கியதும் ஒரு மான் தலையை மூன்று முறை தாழ்த்தி வணங்கியது. பிஸ்கட்டைக் கொடுக்கத் தாமதித்தேன், சட்டை நுனியைப் பல்லால் பிடித்து இழுத்தது! தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினேன், உடனே போய்விட்டது.

அப்புறம், எதிர்பாராத ஒன்று. நாராவிலிருந்து திரும்பும் மியாகோஜி விரைவு வண்டி, ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் பக்கத்திலுள்ள இனாரி நிலையத்தில் நிற்பதில்லை. தோஃபுகுஜியில் இறங்கி, சாதாரண வண்டியில் ஒரு நிறுத்தம் பின்னால் வந்தேன். அதனால் ஃபுஷிமி இனாரி போய்ச் சேர இருட்டிவிட்டது. இரவிலும் திறந்திருக்கும், கட்டணமும் இல்லை. கூட்டமே இல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்புத் தோரி வாயில்களுக்குள் நடந்தேன். மலையிலிருந்து இறங்கி வரும்போதுதான் தூண்களின் பின்பக்கம் கண்ணில் பட்டது: வாயிலைக் காணிக்கையாகக் கொடுத்தவர் பெயரும் தேதியும் கறுப்பில் பொறித்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் மாலையில் போங்கள்.